கரடி என்ன தின்னுச்சுன்னு தெரிஞ்சுக்க காசு போட்டேன்: ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், ஒரு கரடி ஆராய்ச்சிக்கு ஆன்லைன்ல காசு போட்ட அனுபவத்துக்கு 5க்கு 3.5. அதுல மூணு ஸ்டார் காட்டுக்குள்ள கரடி எச்சத்தைப் பொறுக்கிட்டு அலைஞ்சவங்களுக்கு. மிச்சம் இருக்கற அரை ஸ்டார்தான் பணம் வசூல் பண்ணிக் குடுத்த வெப்சைட்டுக்கு, அதுவும் பேமெண்ட் பேஜ் சிக்காம ஓடுச்சுங்கற ஒரே காரணத்துக்காக. சைட் பேர் கேக்காதீங்க, சொல்லப் போறதில்ல. சண்டை இழுக்க எழுதல, இந்த மாதிரி இன்னொரு பேஜைப் பாத்து யாராவது கார்டை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி படிக்கட்டும்னுதான் எழுதறேன்.

போன வருஷம் மே மாசம், தூக்கம் வராம போனை நோண்டிட்டு இருந்தப்ப அந்த கேம்பெயின் கண்ணுல பட்டுச்சு. ஒரு ஆராய்ச்சி மாணவி. அமெரிக்கக் கருங்கரடி குளிர்காலத் தூக்கத்துக்குப் போறதுக்கு முன்னாடி என்னென்ன சாப்பிடுது, எந்த வாரத்துல எதை விட்டுட்டு எதுக்குத் தாவுதுன்னு ஒரு சீசன் முழுக்க காட்டுல இருந்து பாக்கணும், பெரிய கிராண்ட் எதுவும் கிடைக்கல, உதவி பண்ணுங்கன்னு போட்டிருந்தாங்க. எனக்கு மொதல்ல சிரிப்புதான் வந்துச்சு. கரடி என்ன சாப்பிடும், தேன் சாப்பிடும், இதுக்கு ஒரு ஆராய்ச்சியான்னு. பேஜை முழுசா படிச்சதுக்கு அப்பறம்தான் சிரிப்பு நின்னுச்சு.

என்னன்னா, கோடை முடியறப்ப கருங்கரடிக்கு ஒரு வெறி பிடிக்கும். ஒரு நாளைக்கு 15,000ல இருந்து 20,000 கலோரி வரைக்கும் உள்ள தள்ளும், தூங்கற நேரம் போக மிச்சம் எல்லா நேரமும் தின்னுட்டே இருக்கும், அப்படி சேத்த கொழுப்புலதான் அடுத்த பல மாசம் சாப்பாடு தண்ணி எதுவும் இல்லாம குகைக்குள்ள கிடக்கும். இது நமக்கும் ஓரளவு தெரிஞ்சதுதான். எனக்குத் தெரியாதது இன்னொண்ணு. பெண் கரடி ஜோடி சேர்றது கோடைல, ஆனா கரு உடனே கர்ப்பப்பைல ஒட்டாது, மாசக்கணக்கா சும்மா மிதந்துட்டே இருக்கும். இலையுதிர்காலம் முடியறப்ப உடம்புல போதுமான கொழுப்பு இருந்தாத்தான் ஒட்டும், இல்லன்னா அந்த வருஷம் குட்டி கிடையாது. அப்ப அந்தக் காட்டுல பெர்ரி எத்தனை நாள் கிடைச்சுது, ஓக் கொட்டை எவ்வளவு விழுந்துச்சுங்கறதுதான் அடுத்த வருஷம் எத்தனை குட்டின்னு முடிவு பண்ணுது. இதை அந்தப் பேஜ்ல ஒரே ஒரு பாராவுல எழுதியிருந்தாங்க, வீடியோல இதைச் சொல்லவே இல்ல. வீடியோ பூரா கரடி முகம், பின்னாடி பியானோ. யாரோ சைட்காரங்க அப்படி எடுக்கச் சொல்லிருப்பாங்க போல.

சரி, ஆர்வம் வந்துருச்சு, ஆனா இண்டர்நெட்ல எவ்வளவு பேர் கரடி விடறாங்க, இவங்களும் அப்படி விடறாங்களான்னு பாக்கணும்ல. நான் பாத்தது பட்ஜெட்டைத்தான். கேமரா டிராப் இத்தனை, பேட்டரி, மெமரி கார்டு, வண்டிக்கு பெட்ரோல், கூட வர்ற ரெண்டு ஃபீல்டு அசிஸ்டெண்ட்டுக்கு சம்பளம், சாம்பிள் அனுப்பற செலவு, லேப் செலவுன்னு வரி வரியா பிரிச்சுப் போட்டிருந்தாங்க, அதுல லேப் செலவு கேமராவை விட ரெண்டு மடங்கு இருந்துச்சு. எனக்கு நம்பிக்கை வந்தது அங்கதான். ஏமாத்தறவன் ரேடியோ காலர், ட்ரோன்னு ஜிகினா போடுவான், எச்சம் அனுப்பற கூரியர் செலவை எழுத மாட்டான். வனத்துறை பர்மிஷன் வாங்கின விவரம், கைடு பண்ற பேராசிரியர் எந்த யுனிவர்சிட்டி, அவங்க இதுக்கு முன்னாடி எழுதின பேப்பர் எல்லாம் லிங்க்கோட இருந்துச்சு, போய்ப் பாத்தேன், நிஜமாவே இருந்துச்சு. பல யுனிவர்சிட்டில ஓவர்ஹெட்னு, அதாவது நிர்வாகச் செலவுன்னு, ஒரு பங்கை உருவிடுவாங்க, அது இந்தப் பணத்துல எடுக்க மாட்டாங்கன்னும் ஒரு வரி இருந்துச்சு. அந்த ஒரு வரிக்காகவே அவங்களுக்கு தனியா ஒரு சல்யூட்.

இப்ப சைட்டுக்கு வரேன். இந்த கிரவுட்ஃபண்டிங்ல, அதாவது நிறைய பேர்கிட்ட கொஞ்சம் கொஞ்சமா காசு சேக்கறதுல, ரெண்டு விதம் இருக்கு, தெரியாதவங்களுக்காக சொல்றேன். ஒண்ணு, கேட்ட தொகை முழுசா சேந்தாத்தான் பணம் கைக்குப் போகும், சேரலன்னா யார் கார்டுலயும் காசு எடுக்க மாட்டாங்க. 2009ல வந்த கிக்ஸ்டார்ட்டர் அப்படித்தான், 2012ல சயின்ஸ் ஆராய்ச்சிக்குன்னே ஆரம்பிச்ச எக்ஸ்பெரிமென்ட்டும் அப்படித்தான். இன்னொண்ணு, எவ்வளவு வருதோ அதை எடுத்துக்கலாம்ங்கற டைப். ஃபீல்டு ஆராய்ச்சிக்கு மொதல் டைப்தான் சரின்னு நான் நினைக்கறேன், ஏன்னா பாதிப் பணத்துல பாதி ஆராய்ச்சி பண்ண முடியாது, பத்து கேமரா வேணும்னா அஞ்சு வாங்கலாம், ஆனா பாதி பர்மிஷன், பாதி வண்டி எங்க போய் வாங்கறது? நான் பணம் போட்ட சைட் இந்த ரெண்டும் இல்ல, வேற ஒண்ணு, அதுவும் முழுசா சேந்தாத்தான் டைப். அது வரைக்கும் ஓகே.

ஓகே இல்லாதது என்னன்னா அந்த டிப் கட்டம். நான் ஒரு தொகை டைப் பண்ணேன், பே அழுத்தப் போறப்பதான் மொத்தம் கொஞ்சம் கூட இருக்கேன்னு பாத்தேன். கீழ சின்ன எழுத்துல 'எங்கள் சேவைக்கு டிப்'னு ஒரு கட்டம், அதுல டிக் ஏற்கனவே போட்டு வெச்சிருக்காங்க. ஏற்கனவே கேம்பெயின்ல இருந்து ஒரு சதவீதம் எடுக்கறாங்க, கார்டு கம்பெனிக்கு தனியா ஒரு சதவீதம் போகுது, இதுக்கு மேல என்கிட்டயும் டிப். காட்டுல மழைல நனைஞ்சுட்டு எச்சம் பொறுக்கறவங்களுக்கு டிப் கட்டம் கிடையாது, சர்வர் ஓட்டறவங்களுக்கு இருக்கு. அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி, நானும் அதை எடுக்காமயே அழுத்திட்டேன், அது என் தப்பு.

கேம்பெயின் முப்பது நாள். இருபத்தெட்டாவது நாள் வரைக்கும் நொண்டிட்டே இருந்துச்சு. நானே தினம் போய் அந்தப் பச்சைக் கோட்டைப் பாத்துட்டு வருவேன், எங்க வீட்ல 'உன் கரடி எவ்வளவு தூரம் வந்துருக்கு'ன்னு கிண்டல் வேற. கடைசி ரெண்டு நாள்ல என்ன மாயம்னு தெரியல, மடமடன்னு ஏறி முடியறதுக்கு நாலு மணி நேரம் முன்னாடி முழுசா சேந்துருச்சு. ஜூன் நடுவுல. அவங்க ஒரு அப்டேட் போட்டாங்க, நன்றி, ஜூலை முதல் வாரம் காட்டுக்குள்ள போறோம், பெர்ரி பழுக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேமராவைக் கட்டிடுவோம்னு.

கட்டல.

சிவபூஜைல கரடி புகுந்த மாதிரின்னு சொல்வாங்கல்ல, இங்க கரடி பூஜைல சைட் புகுந்துருச்சு. ரெண்டு வாரத்துல பணம் கைக்கு வரும்னு சைட் எழுதியிருந்துச்சு, ஆனா வந்தது ஏழு வாரம் கழிச்சு. வெரிஃபிகேஷன்னாங்க. பேர் பேங்க்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி இருக்காம், ஒரு இனிஷியல் வித்தியாசம். அவங்க டாக்குமெண்ட் அனுப்ப, இவங்க படம் கிளியரா இல்லன்னு சொல்ல, திரும்ப அனுப்ப, அது வேற டீமுக்குப் போக. இதையெல்லாம் அவங்க ரெண்டாவது அப்டேட்ல ரொம்ப மரியாதையா எழுதியிருந்தாங்க, நான் மரியாதை இல்லாம எழுதறேன். மொபைல் கவர் தயாரிக்கற கேம்பெயினுக்கு அஞ்சு வாரம் லேட்டானா அஞ்சு வாரம் கழிச்சு கவர் வரும், அவ்வளவுதான். கரடிக்கு அப்படி இல்ல. பெர்ரி பழுக்கறது பழுத்துரும், கரடி வந்து தின்னுட்டுப் போய்க்கிட்டே இருக்கும், எந்த டீம்கிட்டயும் கேக்காது.

இந்தச் சில வாரம் என்ன பெரிய விஷயம்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், இந்தப் பஞ்சாயத்து நடந்துட்டு இருந்தப்ப தேடிப் படிச்சது. அலாஸ்கால கோடியாக்னு ஒரு தீவு, அங்க பழுப்புக்கரடி ஓடைல ஏறி வர்ற சால்மன் மீனைப் புடிச்சு தின்றதுக்குப் பேர் போனது. வழக்கமா சால்மன் சீசன் உச்சத்தைத் தாண்டின அப்பறம்தான் ரெட் எல்டர்பெர்ரி பழுக்கும், ஒண்ணு முடிஞ்சா இன்னொண்ணு. 2014ல சூடு ஜாஸ்தியாகி பெர்ரி சில வாரம் முன்னாடியே பழுத்து, சால்மன் உச்சத்துல இருக்கற நேரத்துக்கே வந்துருச்சு. கரடி என்ன பண்ணிச்சு தெரியுமா, ஓடை நிறைய மீன் இருந்தும் விட்டுட்டு மலை மேல ஏறி பெர்ரி தின்னப் போயிருச்சு. 2017ல இது பேப்பரா வந்துச்சு. மீனை விட்டு பழத்துக்குப் போறது முட்டாள்தனமா தெரியுதுல்ல, ஆனா கரடி சீக்கிரமா எடை போடணும்னா சாப்பாட்டுல புரோட்டீன் 17 சதவீதம் கிட்ட இருந்தா போதும், சால்மன்ல 80க்கு மேல, அந்த பெர்ரில 13 சதவீதம் கிட்ட. கணக்கு கரடிக்குத் தெரிஞ்சிருக்கு. சில வாரம் நகர்ந்ததுக்கே அங்க கரடிங்க மெனுவை மாத்துது, அதை அங்க கண்காணிச்சுட்டு இருந்த ஆளுங்க சரியான நேரத்துல பாத்ததுனாலதான் நமக்குத் தெரியுது. நம்ம மாணவிக்கு அந்த வாரங்கள்ல வெரிஃபிகேஷன் டீம்தான் கிடைச்சுது. கடைசில பேராசிரியர் சொந்தக் காசைக் குடுத்து ஆகஸ்ட் ஆரம்பத்துல பாதி கேமராவோட உள்ள போயிருக்காங்க, பணம் வந்தது அதுக்கு அப்பறம். அரை ஸ்டார் ஏன்னு இப்பப் புரிஞ்சிருக்கும்.

இதுக்கு மேல வர்றதெல்லாம் நல்ல செய்திதான்.

மூணாவது அப்டேட் கேமரா பத்தி. கேமரா டிராப்ங்கறது சூடா ஏதாவது அசைஞ்சா தானா போட்டோ எடுக்கற பொட்டி. ஆனா வெயில்ல காஞ்ச புல் காத்துல ஆடினாலும் அதுக்கு கரடிதான், க்ளிக் க்ளிக்னு எடுத்துத் தள்ளிடும். ஒரு கார்டு பூரா புல். இன்னொரு கார்டுல மொதல்ல ஒரு கரடி தூரமா தெரியுது, அடுத்த படத்துல கிட்ட, அடுத்ததுல மூக்கு மட்டும், ஈரமா, அப்பறம் வாய்க்குள்ள, அப்பறம் வானம். கடிச்சுப் பாத்துட்டு கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு. பிளாஸ்டிக் வாசனையோ மனுஷன் கை வாசனையோ, கரடிக்கு கேமராவைக் கடிக்கறதுல அப்படி ஒரு பிரியமாம், இதைப் பண்ற எல்லாருக்கும் இந்த அனுபவம் உண்டாம். அந்த மூக்கு போட்டோதான் எனக்கு 'பரிசா' வந்துச்சு, அதுக்கு அப்பறம் வரேன்.

நாலாவது அப்டேட்டை நான் மூணு தடவை பாத்தேன். எச்சம் கழுவற வீடியோ. அருவருப்பு பாக்கறவங்க இந்த பாராவை விட்டுட்டுப் போங்க. காட்டுப் பாதைல நடந்து போய் புதுசா இருக்கற எச்சமா பாத்து எடுக்கறாங்க, பழசு வேலைக்கு ஆகாது, வெயிலும் மழையும் அதுல இருக்கற டிஎன்ஏவைக் கெடுத்துரும், சாணி வண்டு வேற வந்து உருட்டிட்டுப் போயிரும். மேல்பக்கத்துல இருந்து கொஞ்சூண்டு சுரண்டி ஒரு குப்பில டிஎன்ஏவுக்கு, மிச்சம் எல்லாம் பைல போட்டு தேதி இடம் எழுதி ஃப்ரீசருக்கு. அப்பறம் ஒரு நாள் கிளவுஸ் மாஸ்க் எல்லாம் போட்டுக்கிட்டு, ஏன்னா அதுல ஒட்டுண்ணி முட்டை இருக்கும், சல்லடைல கொட்டி தண்ணி விட்டுக் கழுவறாங்க. கறுப்பா கூழா இருந்தது கரைஞ்சு போய் சல்லடைல மிஞ்சி நிக்குது பாருங்க, முழுசு முழுசா பெர்ரி விதை, சின்னச் சின்ன எறும்புத் தலை, ஓக் கொட்டைத் தோல், புல்லு, ஒரு மான் முடி. எறும்புத் தலை ஜீரணமே ஆகலங்க, மிளகாய் விதை சைஸ்ல பளபளன்னு கிடக்குது. அதை ஒரு கட்டம் போட்ட தட்டுல பரப்பி, ஒவ்வொரு கட்டத்துலயும் என்ன இருக்குன்னு லென்ஸ் வெச்சுப் பாத்து எழுதறாங்க. ஒரு வாலண்டியர் தம்பி ஒரே எச்சத்துல எறும்புத் தலையை எண்ணிக்கிட்டே இருந்து, பாதில எண்ணிக்கை விட்டுப் போய், தலைல கை வெச்சுக்கிட்டு உக்காந்ததையும் கட் பண்ணாம போட்டிருந்தாங்க. என் காசு எங்க போச்சுன்னு அன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன், அந்தத் தம்பியோட அந்த முழி, அதுக்குத்தான் போயிருக்கு, சந்தோஷம்.

அதே வீடியோல அவங்க சொன்ன இன்னொரு விஷயம், இந்த முறைல இருக்கற ஓட்டை. விதையும் எறும்புத் தலையும் அப்படியே வெளிய வருது, ஆனா கறி தின்னா அது கிட்டத்தட்ட மொத்தமும் உடம்புல சேந்துரும், மிஞ்சினா ரெண்டு முடி. அப்ப தட்டுல தெரியறதை வெச்சு கரடி பழம்தான் தின்னுதுன்னு சொன்னா தப்பாப் போயிரும். அதனால எது எவ்வளவு ஜீரணம் ஆகும்னு ஒரு திருத்தக் கணக்கு போட்டுப் பெருக்கணும். அது மட்டும் இல்ல, எச்சம் கிடைக்கறது மனுஷன் நடக்கற பாதைல, பாதைக்கே வராத கரடி என்ன தின்னுச்சுன்னு எப்படித் தெரியும்? காசு போட்டவங்ககிட்ட தன் முறைல இருக்கற ஓட்டையை தானே சொல்றதுக்கு ஒரு தில்லு வேணும். கீழ கமெண்ட்ல ஒருத்தர் 'அப்ப எதுக்கு இந்த ஆராய்ச்சி, காசு வேஸ்ட்டா'ன்னு கேட்டிருந்தாரு. அவருக்குப் பொறுமையா நாலு பாரா பதில். நானா இருந்தா நாலு வார்த்தை.

ஓட்டையை அடைக்கத்தான் கரடியோட முடி. ரெண்டு மூணு மரத்தைச் சுத்தி முள்கம்பி ஒண்ணு முழங்கால் உயரத்துல கட்டி, நடுவுல அழுகின மீன் வாசனை மாதிரி ஏதோ ஒண்ணைத் தெளிச்சு வெப்பாங்க, தின்ன எதுவும் வெக்க மாட்டாங்க, வெச்சா அது பழகிரும், ஆராய்ச்சியும் கெட்டுப் போகும் கரடியும் கெட்டுப் போகும். வாசனைக்கு வந்து கம்பிக்கு அடில பூந்து போறப்ப நாலு முடி மாட்டிக்கும், அதுக்கு வலிக்கக்கூட செய்யாது. அந்த முடி நுனில இருக்கறது போன மாசக் கதை, வேருக்குக் கிட்ட இருக்கறது இந்த வாரக் கதை. கறி ஜாஸ்தி தின்ன காலத்துல வளந்த முடில நைட்ரஜன் 15ங்கற கொஞ்சம் கனமான நைட்ரஜன் வகை கூட இருக்கும், மக்காச்சோளம் மாதிரி பயிர்ல வந்த சாப்பாடு தின்னா அதே மாதிரி கனமான கார்பன் 13 கூட இருக்கும். அதாவது ராத்திரில யாருக்கும் தெரியாம ஏதோ ஒரு தோட்டத்துலயோ குப்பைத் தொட்டிலயோ பூந்து மேஞ்சுட்டு வந்து, பகல்ல காட்டுல பெர்ரி தின்னுட்டு நல்ல பிள்ளையா நின்னாலும், முடி காட்டிக் குடுத்துரும். என் பசங்க முடியையும் இப்படி டெஸ்ட் பண்ண வழி இருக்கான்னு கேட்டு ஒரு கமெண்ட் போட்டேன், அதுக்கும் சீரியஸா பதில் சொன்னாங்க, இருக்காம்.

அப்பறம் நவம்பர்ல பனி விழுந்து எல்லாம் குகைக்குள்ள போயிருச்சு. உள்ள போனா எச்சமே போடாது, அதனால சாம்பிளும் இல்ல, அப்டேட்டும் இல்ல. இந்த மாசங்கள்லதான் கமெண்ட்ல கூட்டம் கொதிச்சுது. பணத்தைச் சுருட்டிட்டாங்க, ரிசல்ட் எங்க, ரீஃபண்ட் குடுன்னு. ரெண்டு அப்டேட்டுக்கு நடுவுல நாலு மாசம் இடைவெளி, அது அவங்க பக்கத் தப்புதான், 'லேப்ல க்யூ, காத்திருக்கோம்'னு ஒரு வரி போட்டிருக்கலாம், நான் குறைச்ச ஒன்றரை ஸ்டார்ல கொஞ்சம் அதுக்குத்தான். ஆனா இந்த ரீஃபண்ட் கேக்கற பழக்கத்தை வளத்ததே சைட்தான். பேஜ்ல 'டெலிவரி தேதி'ன்னு ஒரு பெட்டி இருக்கு, ஆராய்ச்சிக்கும் அதே பெட்டிதான். நாம வாங்கினது கடைப் பொருள் மாதிரியும், அவங்க கடைக்காரங்க மாதிரியும் அந்த டிசைனே நம்மைப் பழக்குது. எச்சத்துல என்ன இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா எதுக்கு அதைக் கழுவணும்?

டிஎன்ஏ ரிசல்ட் வர்றதுக்கு வசந்தகாலம் முடிஞ்சுருச்சு. வந்தது ஒரு நீளமான பட்டியல், எந்தச் செடி, எந்தப் பூச்சி, எந்த மிருகம்னு. தட்டுல கண்ணுக்குத் தெரியாததெல்லாம் அதுல வந்துச்சு. ஆனா அதுலயும் ஒரு குழப்பம். மானைத் தின்னா மான் வயித்துல இருந்த புல்லும் சேந்து லிஸ்ட்ல வரும், கரடி புல் தின்னுச்சா மான் தின்னுச்சான்னு டிஎன்ஏ சொல்லாது. எவ்வளவு தின்னுச்சுன்னும் சரியா சொல்லாது, தின்னுச்சுன்னு மட்டும்தான் சொல்லும். அதனாலதான் தட்டு, முடி, டிஎன்ஏ மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறாங்க, ஒண்ணோட பொய்யை இன்னொண்ணு புடிக்கும்.

கடைசி ரிப்போர்ட் இந்த அக்டோபர்ல வந்துச்சு, எல்லாரும் டவுன்லோட் பண்ணலாம், டேட்டாவும் சேத்து. நேர்மையா சொல்றேன், அதிரடியா ஒண்ணும் இல்ல. பெர்ரி சீசன் முடியறப்ப எறும்பு கூடுது, ஓக் கொட்டை விழுந்ததும் எல்லாத்தையும் விட்டுட்டு அங்க போகுது, குப்பை தின்ன அடையாளம் அவங்க பயந்த அளவுக்கு இல்ல. ஆரம்ப பெர்ரி வாரங்கள் இருக்க வேண்டிய இடத்துல கிராஃப்ல சாம்பல் கலர்ல ஒரு பட்டை, 'தகவல் இல்லை'ன்னு. அந்த சாம்பல் பட்டைக்கு அடில எந்த வெப்சைட் பேரும் போடல, அவங்க பெருந்தன்மை.

அதிரடி வேணும்னா வேற கரடி இருக்கு. இந்தப் பழக்கத்துல நான் எட்டு கரடி இனத்தையும் பத்திப் படிச்சு முடிச்சிட்டேன். யெல்லோஸ்டோன்ல பழுப்புக்கரடி பாறைக்கு அடில ஒளிஞ்சுட்டு இருக்கற அந்துப்பூச்சியை ஒரு நாளைக்கு 40,000 வரைக்கும் தின்னும், அணில் சேத்து வெச்ச பைன் விதையைக் கொள்ளையடிக்கும். பாண்டா மாமிசப் பட்சணி வயித்தை வெச்சுக்கிட்டு தினம் 12ல இருந்து 38 கிலோ மூங்கில் தின்னும். நம்ம ஊர்த் தேன் கரடிக்கு (ஸ்லாத் பேர்) மேல் முன்பல் ரெண்டு கிடையாது, அந்த இடுக்கு வழியா மூக்கை அடைச்சுக்கிட்டு கறையானை வேக்குவம் கிளீனர் மாதிரி உறிஞ்சும், சத்தம் நூறு மீட்டர் தாண்டிக் கேக்கும். கரடின்னா தேன்னு நினைச்ச ஆள் நான்.

பரிசு விஷயம். குறிப்பிட்ட தொகைக்கு மேல போட்டா 'ஒரு கரடிக்கு நீங்களே பேர் வைக்கலாம்'னு ஒண்ணு இருந்துச்சு. எனக்கு அது புடிக்கல, நல்லவேளை என் தொகை அதுக்குக் கீழ. எனக்கு அனுப்பறதா சொன்ன ஸ்டிக்கர் வந்து சேரவே இல்ல, அதுல எனக்கு வருத்தமும் இல்ல, அந்த தபால் செலவுக்கு ரெண்டு பேட்டரி வாங்கட்டும். போட்டோ மட்டும் வந்துச்சு, அந்த மூக்கு. அந்த ஃபைல்ல எடுத்த இடத்தோட விவரம் சுத்தமா அழிச்சு அனுப்பியிருந்தாங்க, இதை நான் குறிப்பா செக் பண்ணேன். எந்த மலைன்னு பேஜ்லயும் சொல்லல, நானும் சொல்ல மாட்டேன். கரடி வர்ற இடத்தை மேப்போட போட்டா வேட்டைக்காரனுக்கும் கரடிப் பித்தத்துக்கு அலையறவனுக்கும் நாமளே வழி சொன்ன மாதிரி. நீங்க காசு போடப் போற கேம்பெயின்ல இடம் பளிச்சுனு தெரியுதுன்னா, பட்ஜெட் எவ்வளவு அழகா இருந்தாலும் வேண்டாம், திரும்பி வந்துருங்க.

சைட்டோட கஸ்டமர் சப்போர்ட்டுக்கு ரெண்டு தடவை எழுதினேன். பணம் ஏன் இன்னும் போகலன்னு கேட்டதுக்கு 'உங்கள் ஆர்டர் பாதையில் உள்ளது'ன்னு தானியங்கி பதில். கரடி என்ன ஆர்டரா? ரெண்டாவது தடவை டிப்பை திரும்பக் கேட்டேன், மூணே நாள்ல குடுத்துட்டாங்க, அதைச் சொல்லலன்னா நன்றி கெட்டவனாயிருவேன்.

இப்ப ரெண்டாவது சீசனுக்குத் திரும்பவும் கேம்பெயின் போட்டிருக்காங்க, விட்டுப்போன அந்த பெர்ரி வாரங்களுக்காக. வேற சைட்டுக்கு ஏன் போகலன்னு கேட்டேன், பழைய ஆளுங்க எல்லாரும் இங்கதான இருக்காங்கன்னாங்க. ஆனா இந்தத் தடவை மே மாசத்துல இல்ல, இப்ப, டிசம்பர்ல, கரடி எல்லாம் தூங்கறப்பவே திறந்துட்டாங்க. பேங்க்லயும் பாஸ்போர்ட்லயும் ஒரே இனிஷியலாம், அதையும் அப்டேட்ல எழுதியிருக்காங்க. நேத்து ராத்திரி போய் போன தடவை போட்டதை விட கொஞ்சம் கூடப் போட்டேன், கீழ அந்தக் கட்டத்துல டிக் அப்படியேதான் இருந்துச்சு, எடுத்துட்டு அழுத்தினேன்.